நுவரெலியாவுக்கு ஆறு பேர்

சிவசக்திக்குக் கலியாணமாகி ஏழு வருஷமாகியும் மாமியாரை அவள் நேரில் பார்த்ததில்லை. பதுளையில் பதிவுத் திருமணம் நடந்த அன்று கிஷாந்தனுக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவனுடைய கந்தோர்ச் சிநேகிதர்கள் இரண்டு பேர். கோப்பாயிலிருந்து ஒருவரும் வரவில்லை. தேயிலைத் தோட்டக்காட்டுப் பெட்டையைக் கட்டுவதென்றால் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று குணமணி சொன்னதையும், அதன் பிறகு தாயும் மகனும் இரண்டு வருஷம் கதைக்காமலே இருந்ததையும் சிவசக்தி அறிவாள். மயூரி பிறந்த பிறகுதான் கைபேசித் திரையில் குணமணியின் முகம் வரத் தொடங்கியது. அப்போதும் அது பேத்தியோடுதான் பேசும். சிவசக்தி தற்செயலாகப் பிள்ளையின் பின்னால் தெரிந்தால், “சுகமா இருக்கிறீரோ?” என்று ஒரு கேள்வி. “இருக்கேன் மாமி” என்று ஒரு பதில். அவ்வளவுதான்.

இந்த வருஷம் தைப்பொங்கல் முடிந்த கையோடு மாமனார் கனகரத்தினத்துக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. கிஷாந்தன் புறப்பட்டு நின்றான். “நீ வந்தா ஆஸ்பத்திரியில சனம் கதைக்கும், அவருக்கு மனம் கலங்கும், வராத” என்று குணமணி தடுத்துவிட்டாள். அன்று முழுவதும் அவன் கந்தோருக்கும் போகாமல், சாப்பிடாமல், கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பல்கனியில் நின்றான். பிழைத்து வீட்டுக்கு வந்த மனுஷன் முதலில் கேட்டது பேத்தியைத்தானாம். மூன்று மாதம் கழித்துக் குணமணியே வாயைத் திறந்தாள். நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏற முந்தி, வெள்ளிக்கிழமை போயா விடுமுறையோடு சேர்ந்து வருகிற சனி ஞாயிறில் நுவரெலியாவில் எல்லாரும் சேர்ந்து நிற்கலாம் என்றாள்.

கோப்பாய்க்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. பதுளைக்கு வருகிறோம் என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கத்துச் சனமும் பார்க்காத ஒரு குளிர் ஊரை மாமியார் தேடிப் பிடித்திருக்கிறாள் என்பது சிவசக்திக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கிஷாந்தன் அன்று சாப்பாட்டு மேசையில் இருந்தபடி தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

தங்குவதற்கு அவனுடைய திணைக்களத்துக்குச் சொந்தமான விடுதி ஒன்று நுவரெலியாவில் இருந்தது. விண்ணப்பித்தால் அறை கிடைக்கும். போய்வர வேன்? அதற்குச் சிவசக்தியின் அண்ணன் இருந்தான்.

புவனேந்திரன் பசறைக்கு மேலே, அப்பாவும் அம்மாவும் இருந்து செத்த அதே தோட்டத்து லய வீட்டில்தான் இன்னும் இருந்தான். பதின்மூன்று வருஷம் தோட்டத்து லொறியில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி இறக்கினான். இப்போது சொந்தமாக வேன் ஓட்டுகிறான். நுவரெலியா என்றதும் சிவசக்தியைவிட அவன்தான் துள்ளினான். அந்த வார இறுதிக்கு வாடகைக்கு ஒத்துக்கொண்டிருந்த கதிர்காமம் ஹயரைச் சிநேகிதன் ஹாஷிமிடம் தள்ளிவிட்டான்.

“பெரியவருக்கு நெஞ்ச வெட்டியிருக்காங்க. கண்டவன்கிட்ட வண்டிய குடுத்தா வளைவுல ஒடிச்சு ஒடிச்சுத் திருப்புவான். நானே வர்றேன். மொத நாள் சீதாஎலிய கோயிலு, ஹக்கலப் பூங்கா. மறுநாள் வாவி. சரியா?” என்று தொலைபேசியிலேயே திட்டம் போட்டான். மருமகள் மயூரிக்கென்று ரோஸ் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பியும் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை. கிஷாந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய கைபேசி அடித்தது. குணமணி. மயூரி கீழ் வீட்டில் விளையாடப் போயிருந்தாள். சிவசக்தி தயங்கித் தயங்கி எடுத்தாள்.

“தம்பி குளிக்கிறானோ? சரி, உம்மட்டையே கேக்கிறன். அங்க போர்வை குடுப்பினமோ, நாங்கள் கொண்டரோணுமோ?”

“குடுப்பாங்க மாமி. இருந்தாலும் மாமாவுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஜூலைல மழையும் காத்துமா இருக்கும்.”

“ம். ரெண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டுதான் வருவார்.” குணமணி அதே குரலில் சொன்னாள்: “நீரும் பாவம். தாய் தேப்பனும் இல்லை, கூடப் பிறந்ததுகளும் இல்லை. தனிப்பிள்ளை எண்டு தம்பி சொன்னவன். எங்களோட வந்து நிக்கிறது உமக்கும் ஒரு ஆறுதல்தானே?”

சிவசக்திக்கு என்ன கேட்டோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“ஆமா மாமி” என்றாள்.

அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று பிறகு எத்தனை நாள் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

கிஷாந்தன் துவாயோடு வந்தபோது அவள் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

“நான் தனிப்பிள்ளைன்னு ஒங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கீங்களா?”

அவன் தலை துவட்டுவதை நிறுத்தினான். “அது அப்ப சொன்னது.”

“எப்ப?”

“கலியாணத்துக்கு முதல். வீட்டில ஆர் ஆர், என்ன வேலை எண்டு அம்மா துருவித் துருவிக் கேட்டவ. அப்பா அம்மா இல்லை எண்டன். அதோட நிப்பாட்டிப்போட்டன்.”

“அண்ணன?”

“அவர் அப்ப லொறியில கொழுந்து ஏத்திக்கொண்டிருந்தவர், சக்தி. ஏற்கெனவே வீட்டில நெருப்பு. ஒண்டைக் குறைச்சா ஒரு சண்டை குறையும் எண்டு நினைச்சனான்.”

“ஒண்ணா? எங்க அண்ணன் ஒங்களுக்கு ஒண்ணா?”

அவன் போய்க் கட்டிலில் இருந்தான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகில் ஓடியது. கொஞ்சம் பொறுத்து, ஹாஷிமின் வேனைக் கேட்டால் என்ன என்றான். கதிர்காமம் ஹயரை அண்ணன் அவரிடம்தான் கொடுத்திருக்கிறான் என்றாள் அவள். வேறு வேன் பிடித்தால் அண்ணனிடம் என்ன காரணம் சொல்வது?

“அப்ப அவரே வரட்டும்” என்றான் கிஷாந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஓட்டத்தானே போறார். ஆரெண்டு சொல்லத் தேவையில்லை. ரெண்டே ரெண்டு நாள். அப்பா பிள்ளையை ஒருக்காத் தூக்கட்டும். பிறகு ஆறுதலா நானே எல்லாத்தையும் சொல்லுவன். இப்ப சொன்னா வரவே மாட்டினம். அவருக்கு இருக்கிற நெஞ்சு வருத்தத்துக்கு இன்னொரு தரம் கிடைக்குமோ தெரியாது.”

அவள் கத்தினாள். கத்தி முடிந்ததும் அழுதாள். கடைசியில், சரியென்றும் சொல்லாமல் மாட்டேனென்றும் சொல்லாமல் சோறு வடிக்கப் போனாள்.

திங்கட்கிழமை அவன் விடுதி விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்தான். அவளுடைய எழுத்து அழகு என்று எப்போதும் அவளிடம்தான் தருவான். விருந்தினர் பெயர், வயது, உறவுமுறை என்று மேலே ஒரு அட்டவணை. கீழே தனியாக, ‘சாரதி (இருப்பின்)’ என்று ஒரு கோடு. ஐந்து பெயரை மேலே எழுதினாள். பேனையைப் பிடித்தபடி இருந்தாள். கிஷாந்தன் பக்கத்தில் நின்றான். அவள் கீழே இருந்த கோட்டில் ‘சி. புவனேந்திரன்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பயணப் பேச்சாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் போனது. பெரியவருக்கு உப்பில்லாத சாப்பாடு, மயூரிக்கு வாந்திக் குளிசை, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அண்ணன் தினமும் அழைத்தான். முதல் இரண்டு நாள் எடுத்தாள். பிறகு, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் வேலை என்று குறுஞ்செய்தி போட்டாள். பிறகு அவனும் அழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அவள் சமையலறையில் கறிக்குக் கோவா அரிந்துகொண்டிருந்தாள். கூடத்தில் தகப்பனும் மகளும்.

“இது ஒரு விளையாட்டு, என்ன? நுவரெலியாவில நிக்கிற நாளெல்லாம் மாமாவை ‘டிரைவர் அங்கிள்’ எண்டு கூப்பிடோணும். மறந்துபோய் மாமா எண்டா நீங்கள் அவுட்.”

“மாமாவும் வெளாடுவாரா?”

“ஓம். அவரும் விளையாடுவார்.”

“மாமா ஜெயிச்சா என்ன குடுப்பீங்க?”

சிவசக்தி கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ஐந்து வயதுப் பிள்ளை தொப்பியைப் போட்டுக்கொண்டு தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பசறை பஸ்ஸில் ஏறினாள்.

தென்மேற்குக் கச்சான் காற்று மலையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தோட்டப் பாதையில் ஏறி வரும்போதே வேன் தெரிந்தது. லயத்துக்கு முன்னால் வாளித் தண்ணீரோடு புவனேந்திரன் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டுகளுக்குப் புதிதாக உறை தைத்துப் போட்டிருந்தது. அவன் மனைவி சுதர்ஷினிக்கு எட்டு மாதம். வாசலில் இருந்தவள் கையூன்றி எழும்பினாள்.

“வா சக்தி. ஸ்கூல் இல்லையா? இரு, டீ போடுறேன். நான்தான் வர முடியல. அந்த வளைவெல்லாம் என்னால ஏலாதுன்னு மிட்வைப் சொல்லிட்டாங்க. ஒங்க மாமனார் மாமியாரு என்ன சாப்பிடுவாங்கன்னு சொல்லு, ஏதாச்சும் செஞ்சு குடுத்தனுப்புறேன்.”

அவள் உள்ளே போனதும் சிவசக்தி வேனுக்குக் கிட்ட வந்தாள்.

“அண்ணே, ஒன்கிட்ட ஒண்ணு பேசணும்.”

அவன் துணியைப் பிழிந்தான். “மச்சான் போன வாரமே ஃபோன் பண்ணிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“சொல்ல வேண்டியத சொன்னாரு. நான் சரின்னேன். நான் டிரைவர்தானே புள்ள? அதுல என்ன பொய் இருக்கு?” சிரிக்கப் பார்த்தான். “அண்ணிக்குத் தெரியாது. கொரல கொறச்சுப் பேசு.”

“ஒனக்குக் கோவம் இல்லையா?”

“பெரியவரு பாவம். அவரு பேத்திய பாக்கணும். என்னைய பாத்து என்னாவப் போவுது? ஒரே ஒரு யோசனைதான். நம்ம பாப்பா காட்டிக் குடுத்துரும். பாத்த ஒடனே மாமான்னு கழுத்துல தொங்குமே.”

“பாப்பாவுக்கும் சொல்லிக் குடுத்தாச்சு” என்றாள் சிவசக்தி.

அவன் நிமிர்ந்தான். இவ்வளவு நேரமும் முகத்தில் பிடித்து வைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“பாப்பாவுக்கா? என்னன்னு?”

அவன் துணியை வாளிக்குள் எறிந்தான். தண்ணீர் அவள் சேலையில் தெறித்தது.

“நீ எதுக்கு இப்ப வந்த? இத நிப்பாட்டவா? இல்ல, நான் ஒழுங்கா நடிப்பேனான்னு பாத்துட்டுப் போவவா?”

பதுளையிலிருந்து பசறை வரைக்கும் பஸ்ஸில் அவள் கோர்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகள். நிறுத்துகிற வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. அது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுதர்ஷினி தேநீரோடு வந்தாள். மூன்று பேரும் நின்றபடி குடித்தார்கள். சுதர்ஷினி மட்டும் பேசினாள்.

திரும்பும்போது பசறை பஸ் தரிப்பிடத்தில் சனம் நிறைந்திருந்தது. முதல் பஸ்ஸை விட்டாள். இரண்டாவது பஸ்ஸையும் விட்டாள். பிறகு மருந்துக்கடைச் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்கி, தன் கைபேசியிலிருந்து முதல் தடவையாக மாமியாரை அழைத்தாள்.

“என்ன, பிள்ளைக்கு ஏதுமோ?” குணமணி பதறினாள்.

“பாப்பா நல்லாருக்கு மாமி. நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு. கூடப் பொறந்த அண்ணன். பேரு புவனேந்திரன். முன்ன தோட்டத்து லொறில வேல செஞ்சாரு, இப்ப வேன் ஓட்டுறாரு. அவரோட வேன்லதான் நாம போகப் போறோம்.” மூச்சு வாங்கியது. “அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான் பொய் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு காகம் கத்துவது மட்டும் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைப் பார்த்தாள். அறவில்லை.

“தெரியும்” என்றாள் குணமணி.

“மாமி?”

“பிள்ளை கதைக்கப் பழகின நாளில இருந்து மாமா மாமா எண்டுதானே சொல்லுறாள். மாமா வேன் வாங்கிட்டார், மாமா தொப்பி வாங்கித் தந்தவர் எண்டு. எனக்கென்ன காது கேளாதே? தம்பி எப்ப சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அண்டைக்கு உம்மட்டை வேணுமெண்டுதான் கேட்டனான். நீரும் ஓம் எண்டீர்.”

சிவசக்தியின் முகம் சுட்டது. பக்கத்தில் நின்ற சனமெல்லாம் இதைக் கேட்பதுபோல் இருந்தது.

“தப்புத்தான் மாமி.”

“சரி, விடும்.” குணமணியின் குரல் தணிந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. “இப்ப சொன்னதோட இருக்கட்டும். கொழும்பில இருக்கிற எங்கட சொந்தம், உம்மட மாமாவின்ர பெறாமகள் ஆக்களும் நுவரெலியா வருகினமாம். சனிக்கிழமை எங்களை வந்து பாப்பினம். அவைக்கு முன்னால வீண் கதை ஏன்? உம்மட தமையன் சாரதியாவே வந்திட்டுப் போகட்டும். அவருக்கும் கரைச்சல் இல்லை, எங்களுக்கும் இல்லை. விளங்குதோ?”

விளங்கியது. எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எல்லாரும் ஒரு மனுஷனை இல்லையென்று சொல்லப் போகிறார்கள்.

“இல்ல மாமி” என்றாள் சிவசக்தி. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். “அண்ணன் வந்தா எனக்கு அண்ணனாத்தான் வருவாரு. பாப்பா அவர மாமான்னுதான் கூப்பிடும். அது ஒங்களுக்குச் சரிப்படலன்னா, நீங்க வராம இருக்கிறதுல எனக்குக் கோவம் இல்ல.”

குணமணி தொடர்பைத் துண்டித்தாள்.

வீட்டுக்கு வந்து கிஷாந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு எப்போதோ தெரியும் என்ற இடத்தில் அவன் இடைமறித்தான்.

“எத்தினை நாளா?”

“பாப்பா பேசப் பழகின நாள்ல இருந்து.”

அவனுடைய முகத்தில் வெட்கம் ஏறுவதை அவள் பார்த்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு. “உம்மை ஆர் அம்மாவுக்கு எடுக்கச் சொன்னது? ஏன் எடுத்தனீர்? இனி அவை வரமாட்டினம். அப்பா வரமாட்டார். சந்தோசமே உமக்கு?”

அண்ணனுக்கும் அழைத்துச் சொன்னாள். அங்கேயும் அடிதான் விழுந்தது.

“யார கேட்டுச் சொன்ன?” என்றான் புவனேந்திரன். “அன்னைக்கு மச்சான் என்னைய மறச்சப்பவும் என்கிட்ட கேக்கல. இன்னைக்கு நீ என்னைய காட்டுறப்பவும் கேக்கல. நான் என்ன பொம்மையா?”

“அண்ணே…”

“வெள்ளிக்கெழம காலைல அஞ்சரைக்கு வேன் வரும். யாரு ஓட்டுறதுன்னு நான் பாத்துக்கிறேன்.”

புதன்கிழமை வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கோப்பாயிலிருந்தும் அழைப்பு இல்லை. பையில் அடுக்கிய உடுப்பை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் சிவசக்தி அதை அப்படியே விட்டாள். வியாழன் மத்தியானம், கிஷாந்தன் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்த நேரம், கனகரத்தினம் அழைத்தார். கிஷாந்தன் கைபேசியைச் சத்தமாகப் போட்டான்.

“பின்னேரம் பஸ் ஏறுறம்” என்றார் அவர். மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பேசினார். “அந்தப் பிள்ளையின்ர தமையனுக்கு என்ன பேர்?”

“புவனேந்திரன், அப்பா.”

“புவனேந்திரன்” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். “அம்மாவும் வாறா. ஆனா மனம் வந்து வாறா எண்டு நினையாத. நான் தனியவெண்டாலும் போவன் எண்டு நிண்டனான், அதுக்காக வாறா. நீ செய்த வேலைக்கு உன்னோட எனக்கு ஒரு கதை இருக்கு. அது நேரில.”

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மூன்று பேரும் பைகளோடு வீதியில் நின்றார்கள். பசறைப் பக்கமிருந்து வேனின் வெளிச்சம் வந்தது. யார் ஓட்டுவது என்று கண்ணாடிக்குள் தெரியவில்லை. சிவசக்தி பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். வேன் நின்றது. கதவு திறந்தது.

“மாமா!” என்று ஓடிய மயூரி பாதியில் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். “நான் அவுட்டா?”

கிஷாந்தன் வீதியிலேயே குந்தி உட்கார்ந்து அவளுடைய தொப்பியைச் சரிசெய்தான். “இல்லையம்மா. அந்த விளையாட்டு இல்லை. அப்பாதான் பிழை விட்டது. மாமா மாமாதான்.”

புவனேந்திரன் ஒன்றும் கேட்காதவன்போல் பைகளைப் பின்னால் ஏற்றினான்.

கிஷாந்தன் முன் சீட்டில் ஏறினான். ஹாலிஎல தாண்டி எட்டம்பிட்டிய ஏற்றத்தில், “மச்சான், நான் உங்களிட்டைக் கேட்டது…” என்று தொடங்கினான். “ரோட்ட பாக்கணும் மச்சான்” என்றான் புவனேந்திரன். வெலிமடைக்குக் கிட்ட மறுபடியும் தொடங்கினான். அதே பதில்தான்.

நுவரெலியா பஸ் நிலையத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கனகரத்தினம் ஒரு வாங்குப் பலகையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தார். திரையில் பார்த்ததில் பாதி ஆளாக இருந்தார். கிஷாந்தன் ஓடிப்போய் அவருடைய காலடியில் குந்தினான். அவர் அவனுடைய தலையில் கையை வைத்தார். பிறகு மயூரியை மடியில் ஏற்றிக்கொண்டார். நெஞ்சில் படாமல் பிள்ளையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

குணமணி பைகளோடு நின்றாள். சிவசக்தி குனிந்து காலைத் தொட்டாள். “சரி, சரி, எழும்பும். ஈரம்” என்றாள் குணமணி. அவளுடைய கண் சிவசக்தியைத் தாண்டி வேனுக்குப் பக்கத்தில் நின்றவன்மேல் போனது.

கிஷாந்தன் எழுந்து வந்தான்.

“அம்மா, இது சக்தியின்ர அண்ணா. புவனேந்திரன்.”

“வணக்கம்மா” என்றான் புவனேந்திரன்.

குணமணி தலையை அசைத்தாள். “பச்சை பாக்கைக் கவனமா வையுங்கோ. உள்ளுக்க போத்தல் இருக்கு” என்றாள். ஏறி, ஜன்னல் பக்கம் இருந்துகொண்டாள்.

இரண்டு நாளும் அப்படித்தான் போனது. ஹக்கலையில் கனகரத்தினம் பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று நடந்தார். புவனேந்திரன் பக்கத்திலேயே போனான், கையைப் பிடிக்காமல், பிடிக்க எட்டும் தூரத்தில். சனிக்கிழமை கொழும்பு உறவினர் விடுதிக்கு வந்தார்கள். குணமணி ஒவ்வொருவராகக் காட்டினாள். மகன், மருமகள், பேத்தி. அதோடு நிறுத்தினாள். கூடத்து மூலையில் நின்ற புவனேந்திரன் வெளியே போகத் திரும்பினான்.

“தம்பி, இரும்” என்றார் கனகரத்தினம். “இவர் எங்கட மருமகளின்ர தமையன்.”

குணமணி தேநீர் எடுத்துவர எழுந்து போய்விட்டாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். சிவசக்தி எழுந்து போய் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

விடுதிக்காரர் சாவி தந்த சாரதி அறையில்தான் அவன் தூங்கினான். உள்ளே ஒரு கட்டில் போட்டுத் தருகிறேன் என்று கிஷாந்தன் எவ்வளவோ கேட்டும் மறுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும்போது குணமணி சிவசக்தியின் கையைப் பிடித்து, “மாசிப் பங்குனியில பிள்ளைக்கு லீவு வந்தா வீட்டை வாருங்கோ” என்றாள். புவனேந்திரனிடம், “போயிட்டு வாறம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பும் வழியில் சிவசக்தி முன் சீட்டில் இருந்தாள். பின்னால் தகப்பனும் மகளும் தூங்கிவிட்டார்கள். மழை நின்று, சீதாஎலிய தாண்டி வெயில் தெரிந்தது.

“கோவமாண்ணே?”

அவன் ஒரு வளைவைத் திருப்பினான்.

“அந்தம்மா மேல கோவமில்ல. அவங்க அப்படித்தான். மச்சான் மேல கொஞ்சம் இருக்கு. போயிரும்.” கியரை மாற்றினான். “மச்சான் ஃபோன்ல கேட்டப்போ யோசிக்காம சரின்னேன்ல? யாரும் கட்டாயப்படுத்தல. நானே சரின்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அதத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன்.”

“நானும் அந்தம்மாகிட்ட ஆமான்னேன் அண்ணே.”

“ம்” என்றான்.

வெலிமடை இறக்கத்தில் வீதியோரம் மரக்கறிக் கடைகள். சுதர்ஷினி கேட்டாள் என்று வேனை நிறுத்தினான். சத்தத்தில் விழித்த கிஷாந்தன், நான் வாங்குகிறேன் என்று அவசரமாக இறங்கிப் போனான். கரட் குவியலுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு மரக்கறி பார்த்து வாங்கத் தெரியாது. சிவசக்திக்கு அது தெரியும், புவனேந்திரனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன் கடைசியில் கண்ணாடியை இறக்கினான்.

“மச்சான், அது நேத்துப் புடுங்கினது. பின்னால மண்ணோட கெடக்கே, அதுல எடுங்க.”